மறு வேர் சிகிச்சைக்குப் பிறகும் மறையாத நிழல்

வாசகர் கேள்வி: ஏற்காட்டில் நாகலூர்ப் பக்கம் ஒரு காப்பித் தோட்டத்தில் கணக்கு எழுதுகிறேன். வயது 48. நான்கு ஆண்டுகளாகச் சர்க்கரை இருக்கிறது; இரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி (HbA1c) 8.4. வலது மேல் கடைவாய்ப் பல்லுக்கு ஆறு ஆண்டுகளுக்கு முன் வேர் சிகிச்சை செய்து கேப் போட்டார்கள். இரண்டு ஆண்டுகளுக்கு முன் கேப் கழன்று விழுந்தது. வலி இல்லாததால் எட்டு மாதம் அப்படியே விட்டுவிட்டேன். பிறகு ஈறில் சிறு கொப்புளம் வந்தது, அமுக்கினால் சீழ் வந்தது. வேர் சிகிச்சை நிபுணர் ஒருவர் பழைய அடைப்பை எடுத்துவிட்டு, முதல் முறை விட்டுப்போன நான்காவது வேர்க்குழாயையும் கண்டுபிடித்துச் சுத்தம் செய்து மறுபடி அடைத்தார். ஏழு மாதம் ஆகிறது. கொப்புளம் போய்விட்டது, கடித்தால் வலி இல்லை. ஆனால் போன மாத எக்ஸ்ரேயிலும் வேர் நுனியில் கறுப்பு நிழல் தெரிகிறது. "குறைந்திருக்கிறது, முழுக்க ஆறட்டும், பிறகு கேப் போடலாம்" என்கிறார் நிபுணர். "இரண்டாம் முறையும் பலிக்கவில்லை, எடுத்துவிட்டு இம்ப்ளாண்ட் வையுங்கள்" என்று, எலும்பில் திருகிப் பதிக்கும் செயற்கைப் பல்லைச் சொல்கிறார் வேறொரு பல் மருத்துவர். மருந்துக்கடையில் கேட்டு அவ்வப்போது அமாக்ஸிசிலின் என்ற கிருமிக்கொல்லி மாத்திரையும் போட்டுக்கொள்கிறேன். சளி பிடித்த நாளில் பேருந்தில் சேலத்துக்கு இறங்கும்போது அந்தப் பக்கம் விண்விண்ணென்று தெறிக்கிறது. வேர் சிகிச்சை செய்த பல் இதயத்துக்கு ஆகாது என்று மச்சான் வேறு பயமுறுத்துகிறார். யார் சொல்வதைக் கேட்பது?

அன்புள்ள வாசகருக்கு,

உங்கள் கடிதத்தோடு அனுப்பியிருந்த இரண்டு எக்ஸ்ரே படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். பல்லை எடுக்க வேண்டியதில்லை என்பதில் உங்கள் நிபுணரோடு உடன்படுகிறேன். கேப் போடுவதைத் தள்ளிப்போடலாம் என்பதில் அவரோடு உடன்படவில்லை. ஏழு மாதத்தில் ஒரு நிழல் மறையவில்லை என்பது தோல்விக்குச் சான்றாகாது. ஆனால் ஏழு மாதமாக ஒரு கடைவாய்ப் பல் மேல்மூடி இல்லாமல் வெறும் நிரப்போடு மென்றுகொண்டிருப்பது, ஆறிவரும் வேரை மறுபடி கெடுக்கப் போதுமான காரணம்.

முதலில் அந்த நிழல் என்ன என்று பார்ப்போம். பல்லின் நடுவிலுள்ள நரம்புக்கூழ் அழுகியபின் அங்கே குடியேறும் கிருமிகளும் அவற்றின் கழிவும் வேர் நுனியின் துளை வழியாக எலும்புக்குள் கசிகின்றன. உடல் அதை எதிர்த்துப் போரிடும்போது, போர்க்களத்துக்கு இடம் விடுவதுபோல் வேர் நுனியைச் சுற்றியுள்ள எலும்பைத் தானே கரைத்துக்கொள்கிறது. எலும்பு கரைந்த அந்த இடத்தில் சுண்ணாம்புச் சத்து குறைவாக இருப்பதால் எக்ஸ்ரே கதிர் தடையின்றி ஊடுருவி, படத்தில் கறுப்பாக விழுகிறது. ஆகவே நிழல் என்பது நோய் அல்ல, நோய்க்கு உடல் காட்டிய எதிர்வினையின் தடம். கிருமி ஒழிந்த பிறகும் தடம் உடனே அழியாது. ஓரத்திலிருந்து உள்நோக்கிப் புது எலும்பு நெய்யப்பட வேண்டும். நெய்த எலும்பில் சுண்ணாம்பு ஏற வேண்டும். அதுவும் ஓரளவு ஏறிய பின்புதான் எக்ஸ்ரேயில் வெண்மை கூடியதாகவே தெரியும். படம் எப்போதும் உடலுக்குப் பின்னால்தான் நடக்கும். நட்ட காப்பிச் செடி மூன்றாம் நான்காம் ஆண்டில்தான் பழம் காட்டும் என்று அறிந்தவர் நீங்கள். ஏழாம் மாதத்தில் செடியைப் பிடுங்கிப் பார்க்க மாட்டீர்கள்.

உங்கள் பழைய படத்தில் நிழல் முன்பக்கக் கன்னவேரின், அதாவது கன்னத்தை ஒட்டிய முன்வேரின், நுனியைச் சுற்றி, விளிம்பு தெளிவாக, ஒரு மிளகு அளவுக்கு இருக்கிறது. புதிய படத்தில் அதன் விளிம்பு கலங்கியிருக்கிறது. மேல் ஓரத்திலிருந்து மெல்லிய எலும்பு இழைகள் இரண்டு மூன்று உள்ளே இறங்கியிருக்கின்றன. வேரின் பின்பக்கச் சரிவில், ஆரோக்கியமான பல்லைச் சுற்றி எப்போதும் தெரியும் அந்த வெள்ளைக் கோடு அறுந்து அறுந்து மறுபடி தோன்றத் தொடங்கியிருக்கிறது. இந்தக் கோட்டைத்தான் நான் முதலில் தேடுவேன். நிழலின் அளவைவிட அது நம்பகமான சாட்சி. ஏனென்றால் எக்ஸ்ரேக் குழாய் சற்றுச் சாய்ந்தாலே நிழல் நீளும், குறுகும். உங்கள் இரண்டு படங்களும் ஒரே கோணத்தில் எடுக்கப்பட்டவை அல்ல என்பது பக்கத்துப் பல்லின் வேர் நீளத்தைப் பார்த்தாலே தெரிகிறது. அப்படியிருக்க, "இவ்வளவு குறைந்தது" என்று அளந்து சொல்ல எனக்கும் முடியாது, "குறையவே இல்லை" என்று சொன்னவருக்கும் முடியாது.

முதல் சிகிச்சை ஏன் தோற்றது என்பதை வைத்துத்தான் இரண்டாம் சிகிச்சையின் எதிர்காலத்தைக் கணிக்க வேண்டும். மேல் முதல் கடைவாய்ப் பல்லுக்கு வேர் மூன்று, குழாயும் மூன்று என்றுதான் நெடுங்காலம் கருதப்பட்டது. ஆனால் கன்னத்தை ஒட்டிய முன்வேருக்குள் இரண்டாவதாக ஒரு நூலிழைக் குழாய் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு உண்டு. உருப்பெருக்கி இல்லாமல் அதைக் காண்பது கடினம். அது திறக்கப்படாமல் போனால் உள்ளே கிருமி தங்கும். அதோடு, உங்கள் கேப் கழன்ற பிறகு எட்டு மாதம் உமிழ்நீர் மேலிருந்து இறங்கியிருக்கிறது. குழாயை அடைக்கும் கட்டா பெர்ச்சா என்பது மலாயாக் காட்டு மரப்பாலிலிருந்து வந்த ஒரு வகை ரப்பர்தான். அதையும் பசையையும் சேர்த்து எவ்வளவு நெருக்கி அடைத்தாலும், வாய்க்குத் திறந்து கிடந்தால் சில வாரங்களிலேயே கிருமி ஊடுருவும் என்று ஆய்வகச் சோதனைகள் காட்டியிருக்கின்றன. ஆக உங்களுக்கு விட்டுப்போன குழாய் ஒன்று, திறந்து கிடந்த மேல்பக்கம் ஒன்று என்று இரண்டு காரணங்கள். இரண்டும் சரிசெய்யக்கூடியவை. முதலாவது சரிசெய்யப்பட்டுவிட்டது.

இது ஏன் நல்ல செய்தி என்பதற்கு இத்தாலியில் செய்யப்பட்டு 2004இல் வெளிவந்த ஓர் ஆய்வைச் சொல்கிறேன். மறு வேர் சிகிச்சை செய்த பற்களை இரண்டு ஆண்டு தொடர்ந்து பார்த்து அவற்றை இரு கூட்டமாகப் பிரித்தார்கள். முதல் சிகிச்சை குழாயின் இயல்பான வடிவத்தைக் கெடுக்காமல் விட்டிருந்த பற்களில் 100க்குக் கிட்டத்தட்ட 87 பலித்தன. முதல் முறை கருவி தடம் மாறி வேரைத் துளைத்தோ, வளைவை நேராக்கியோ வடிவத்தைக் கெடுத்திருந்த பற்களில் 47தான் பலித்தன. விட்டுப்போன குழாய் என்பது முதல் கூட்டத்தைச் சேர்ந்தது; அங்கே யாரும் கைவைத்துக் கெடுக்கவில்லை, கைவைக்காமல் விட்டார்கள், அவ்வளவே. எக்ஸ்ரேயில் உங்கள் வேர்களின் வளைவு அப்படியே காக்கப்பட்டிருக்கிறது.

இன்னொரு பக்கத்தையும் மறைக்கக் கூடாது. ஸ்வீடனில் 8 முதல் 10 ஆண்டுகள் வரை தொடர்ந்து பார்த்து 1990இல் வெளியிட்ட ஆய்வில், வேர் நுனியில் நிழலோடு மறு சிகிச்சைக்கு வந்த பற்களில் 62 விழுக்காடுதான் முழுக்க ஆறின. நிழல் இல்லாமல் மறு சிகிச்சை செய்த பற்களில் அது 98 விழுக்காடு. பின்னர் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்களும் நிழலோடு வந்த பற்களுக்கு ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு என்ற கணக்கிலேயே நின்றார்கள். எனவே "கட்டாயம் ஆறிவிடும்" என்று நான் எழுதித் தர மாட்டேன். உங்கள் பல்லின் காரணம் தெரிந்து சரிசெய்யப்பட்டிருப்பதாலும், கொப்புளம் மூடியிருப்பதாலும், வெள்ளைக் கோடு திரும்புவதாலும், அந்த மூன்றில் இரண்டு பங்கின் பக்கம் நீங்கள் இருப்பதாகவே நினைக்கிறேன்.

காலக்கெடு என்ன என்பது அடுத்த கேள்வி. ஐரோப்பிய வேர் சிகிச்சையாளர் சங்கத்தின் வழிகாட்டுதல், சிகிச்சை முடிந்து ஓராண்டில் ஒரு படம் எடுக்க வேண்டும், நிழல் குறைந்தும் மறையாமலும் இருந்தால் நான்கு ஆண்டு வரை தொடர்ந்து பார்க்க வேண்டும் என்கிறது. நான்கு ஆண்டு கழித்தும் நிழல் அப்படியே நின்றால்தான், அல்லது இடையில் பெரிதானால்தான் தோல்வி என்று எழுத வேண்டும். அதற்கும் ஒரு விதிவிலக்கு உண்டு. நார்வேயில் மறு சிகிச்சை செய்த பற்களை 20 முதல் 27 ஆண்டுகள் கழித்துத் தேடிப் படம் எடுத்தபோது, முதல் சில ஆண்டுகளில் தோல்வி என்று கருதப்பட்டவற்றில் சில, பின்னர் சத்தமில்லாமல் ஆறியிருந்தன. அடைப்புப் பொருள் வேர் நுனியைத் தாண்டிச் சிறிது வெளியே போயிருந்த பற்களில் இந்தத் தாமதம் கூடுதலாகத் தெரிந்தது. உங்கள் உள்பக்க வேரின் நுனியில் பசை ஒரு கடுகளவு வெளியே போயிருக்கிறது. அதைக் கண்டு அஞ்ச வேண்டாம், ஆனால் அங்கே ஆறுவது மற்ற இடத்தைவிட மெதுவாக இருக்கக்கூடும்.

இந்தப் பொறுமையை நானும் பிறந்ததும் கற்றுக்கொண்டு வரவில்லை. தொழிலுக்கு வந்த புதிதில் சேலம் செவ்வாய்ப்பேட்டையிலிருந்து ஓர் அம்மா வந்தார். வீட்டில் கொலுசுக்குக் கண்ணி கோக்கும் வேலை. கீழ்ப் பல்லுக்கு மறு சிகிச்சை செய்த ஒன்பதாம் மாதம் படம் எடுத்து, நிழல் போகவில்லை, எடுத்துவிடலாம் என்று நாள் குறித்துக் கொடுத்தேன். மகள் கல்யாணச் செலவு என்று அவர் வரவே இல்லை. மூன்று ஆண்டு கழித்து மறுபக்க ஞானப்பல்லுக்காக வந்தபோது முழு வாய் எக்ஸ்ரே எடுத்தேன். நான் எடுக்கச் சொன்ன பல்லின் வேரைச் சுற்றி நிழல் இருந்த இடமே தெரியவில்லை. அவர் அந்தப் பக்கத்தில்தான் மென்றுகொண்டிருந்தார். அவரிடம் விஷயத்தைச் சொன்னேன். "அன்னிக்குக் கையில காசு இல்லாம போனது நல்லதாப் போச்சு" என்றார்.

இனி கேப். வேர் சிகிச்சை செய்த கடைவாய்ப் பல், நடுவில் குடைந்த மரத்தைப் போன்றது, சுற்றுச்சுவர்தான் மிச்சம். மெல்லும் விசை முகடுகளுக்கு நடுவே ஆப்புபோல் இறங்கும்போது சுவர் பிளக்கும். சேலத்தில் மாலையானால் தட்டுவடை செட் தின்னாமல் வீடு திரும்புவோர் குறைவு. மொறுமொறுவென்ற இரண்டு தட்டுவடைக்கு நடுவே கேரட், பீட்ரூட் துருவலும் சட்னியும் வைத்து ஒரே கடியாகக் கடிக்கும் பண்டம் அது. மூடியில்லாத பல்லுக்கு அதைவிடக் கடுமையான சோதனையை நான் யோசித்தாலும் வைக்க முடியாது. விரிசல் வேருக்குள் நெடுக இறங்கிவிட்டால் எந்த நிபுணராலும் அந்தப் பல்லைக் காக்க முடியாது, எடுக்க வேண்டியதுதான். தற்காலிக நிரப்பின் ஓரம் தேய்ந்து உமிழ்நீர் மறுபடி இறங்குவது இன்னொரு ஆபத்து. அமெரிக்காவில் 1995இல் வெளிவந்த ஓர் ஆய்வு, வேர் நுனியின் ஆரோக்கியத்துக்கு வேர் அடைப்பின் தரத்தைப்போலவே மேலே வைக்கும் நிரப்பின் தரமும் முக்கியம், அதைவிடக் கூடுதலாகவும் இருக்கலாம் என்று காட்டியபோது எங்கள் துறையில் பெரிய விவாதமே நடந்தது. இன்றைக்கு இரண்டும் சரியாக இருக்க வேண்டும் என்பதில் யாருக்கும் ஐயமில்லை. நிழல் ஆறட்டும் என்று கேப்பைத் தள்ளிப்போடுவது, கூரை வேய்ந்தால் சுவர் ஈரம் காயுமோ காயாதோ என்று மழையில் வீட்டைத் திறந்து போட்டு வைப்பதற்குச் சமம். உங்கள் நிபுணரிடம் இந்த மாதமே கேப்புக்கு அளவெடுக்கச் சொல்லுங்கள். பின்னால் ஏதாவது தேவைப்பட்டால் கேப்பின் நடுவே துளையிட்டு உள்ளே போகலாம், அல்லது கேப்பைத் தொடாமல் வேர் நுனியில் அறுவை செய்யலாம். இரண்டுக்கும் கேப் தடையல்ல. பீங்கானா உலோகமா என்பது உங்கள் பணப்பை தீர்மானிக்கட்டும். ஓரம் ஈறோடு இடைவெளியின்றிப் பொருந்துவதை மட்டும் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்.

பேருந்தில் இறங்கும்போது வரும் வலியைப் பற்றி எழுதியிருந்தீர்கள். மேல் கடைவாய்ப் பற்களின் வேர் நுனிக்கு மேலே கன்ன எலும்புக்குள் காற்றறை ஒன்று இருக்கிறது. இடையில் பலருக்கு முட்டை ஓட்டளவு எலும்புதான். ஏற்காட்டிலிருந்து சேலத்துக்கு 20 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறத்தாழ 1,200 மீட்டர் இறங்குகிறீர்கள். இறங்க இறங்க வெளிக்காற்றின் அழுத்தம் கூடுகிறது. சளியால் அறையின் வாசல் அடைபட்டிருந்தால் உள்ளேயும் வெளியேயும் அழுத்தம் சமமாகாமல் அறையின் சவ்வு இழுபடும். வலி அந்தப் பக்கத்து மேல் பற்கள் அனைத்திலும் பரவினாற்போல் தெரியும். சளி இல்லாத நாளில் இறங்கும்போது வலி இல்லை, ஒரு பல்லில் மட்டும் குத்தாமல் கன்னமே கனக்கிறது என்றால் குற்றவாளி காற்றறைதான். மாறாக, சளி இல்லாமலும் அந்த ஒரே பல்லில் தெறித்தால் நிபுணரிடம் சொல்லுங்கள். பல்லின் கிருமியே காற்றறையின் சவ்வைத் தடிக்கச் செய்வதும் உண்டு. வேர் ஆறும்போது அதுவும் தானே வடியும்.

மருந்துக்கடையில் கேட்டு அவ்வப்போது அமாக்ஸிசிலின் போட்டுக்கொள்வதாக எழுதிய வரியைப் படித்ததும் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். நரம்புக்கூழ் எடுக்கப்பட்ட குழாய்க்குள் இரத்த ஓட்டமே கிடையாது. இரத்தத்தில் போகும் மாத்திரை அங்கே எப்படிப் போய்ச் சேரும்? காய்ச்சல், முகவீக்கம், விழுங்கச் சிரமம் ஆகியவை இல்லாதபோது அந்த மாத்திரையால் வேருக்கு ஒரு பயனும் இல்லை. பின்னொரு நாள் உண்மையிலேயே தேவைப்படும்போது அது வேலை செய்யாமல் போகும் அபாயம் மட்டும் உண்டு. நிறுத்திவிடுங்கள். அந்த அக்கறையைச் சர்க்கரையில் காட்டுங்கள். மூன்று மாதச் சராசரி 8.4 என்று எழுதியிருக்கிறீர்கள். கட்டுப்படாத சர்க்கரையில் எலும்பு ஆறுவது மந்தப்படும் என்பதால், உங்கள் மருத்துவர் வைத்திருக்கும் இலக்குக்கு அதைக் கொண்டுவருவது இந்தப் பல்லுக்கு நீங்களே செய்யக்கூடிய சிகிச்சை. புகைப் பழக்கம் பற்றி நீங்கள் எழுதவில்லை. இருந்தால் அதற்கும் இதே விடை.

மச்சான் சொன்னது நூறாண்டுக்கு முந்தைய பயம். 1910இல் வில்லியம் ஹன்டர் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் கனடாவின் மான்ட்ரியல் நகரில் பேசிய ஒரு பேச்சிலிருந்து, உடலில் வரும் நோய்க்கெல்லாம் செத்த பல்லே காரணம் என்ற எண்ணம் பரவி, பல்லாயிரம் நல்ல பற்கள் வீணாக எடுக்கப்பட்டன. எடுத்த பின்னும் நோய்கள் போகவில்லை என்று கண்டபிறகு அந்தக் கொள்கை கைவிடப்பட்டது. சீழோடு கவனிக்காமல் விட்ட பல் உடலுக்குக் கேடு என்பது உண்மை. சிகிச்சை செய்து ஆறிவரும் பல்லுக்கு அது பொருந்தாது.

இம்ப்ளாண்ட் நல்ல சிகிச்சை, நானும் வைக்கிறேன். ஆனால் அதற்குச் சொல்லப்படும் 95 விழுக்காடு வெற்றியையும் வேர் சிகிச்சைக்குச் சொல்லப்படும் விழுக்காட்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவது சரியான கணக்கல்ல. இம்ப்ளாண்டில் பெரும்பாலும் திருகு வாயில் நிற்கிறதா என்று எண்ணுகிறார்கள். வேர் சிகிச்சையில் எக்ஸ்ரேயில் எலும்பு முழுக்க ஆறியதா என்று எண்ணுகிறார்கள். பல் வாயில் நின்று வேலை செய்கிறதா என்று மட்டும் கேட்டால் வேர் சிகிச்சையின் எண்ணும் உயரத்துக்குப் போய்விடும். அதோடு உங்கள் காற்றறை தாழ்வாக இருப்பதால் அங்கே இம்ப்ளாண்டுக்கு முன் எலும்பு சேர்க்கும் அறுவை தேவைப்படலாம். சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவராமல் அதைத் தொடங்க யாரும் துணியக் கூடாது.

ஒருவேளை ஓராண்டுப் படத்தில் நிழல் பெரிதானால், அல்லது கொப்புளம் திரும்பினால் என்ன செய்வது என்று இப்போதே தெரிந்துகொள்ளுங்கள். முதலில், ஈறுக்கும் பல்லுக்கும் இடையே அளவுகோல் கம்பியை விட்டுச் சுற்றிலும் அளப்பார்கள். எல்லாப் பக்கமும் இரண்டு மூன்று மில்லிமீட்டர் என்று வந்து, ஒரே ஓர் இடத்தில் மட்டும் கம்பி குறுகலாக எட்டு ஒன்பது மில்லிமீட்டர் சரேலென்று இறங்கினால், அங்கே வேர் நெடுக விரிசல் இருக்கக்கூடும்; அப்போது எடுக்கச் சொன்னவர் சொன்னதே சரியாகிவிடும். அப்படி இல்லையென்றால் முப்பரிமாண ஸ்கேன் ஒன்று எடுத்து, எந்த வேர் ஆறவில்லை என்று பார்த்து, அந்த வேர் நுனியை மட்டும் நுண்ணோக்கியின் உதவியோடு வெட்டி அடைக்கும் சிறு அறுவையைச் செய்யலாம். உங்கள் நிழல் இருக்கும் கன்னவேர் அதற்குக் கை எட்டும் இடம். ஸ்வீடனில் 1999இல் வெளிவந்த ஓர் ஆய்வில் அறுவை செய்தவை முதல் ஆண்டில் வேகமாக ஆறினாற்போல் தெரிந்தாலும், நான்காம் ஆண்டில் மறு வேர் சிகிச்சைக்கும் அதற்கும் வேறுபாடு இல்லாமல் போனது. எனவே அறுவைக்கு அவசரமும் இல்லை. செலவு இடித்தால் சேலத்தை அடுத்த அரியானூர்ப் பல் மருத்துவக் கல்லூரியில் இதற்கென்று தனித்துறையே இருக்கிறது.

அடுத்த படம் இப்போதிலிருந்து ஐந்து மாதம் கழித்துப் போதும். எடுப்பவரிடம் படத்தாங்கி வைத்து, முதல் படத்தைக் காட்டி, அதே கோணத்தில் எடுக்கச் சொல்லுங்கள். அதுவரை தட்டுவடை இடது பக்கம்.